சிலெஷேயின் சாவுக்கு வந்த மச்சான்

பெம்பா இனத்தார் வீட்டுச் சாவில் இங்கோனி இனத்துக்காரர்களுக்கு ஓர் உரிமை உண்டு. செத்தவரை வாய்க்கு வந்தபடி திட்டலாம். இரண்டு இனங்களும் மச்சான் உறவுபோலக் கேலிமுறை என்பதால் யாரும் கோபிக்கக் கூடாது. கசாமாவில் லாரி ஓட்டிக் கிழவரான இங்கோனிக்காரர் ஜெரே, திட்டுவதற்கென்றே சாவு தவறாமல் போவார்.

மூத்த பெம்பா அரசியல் தலைவர் சிலெஷேயின் சாவுக்கு மட்டும் அவர் விளையாட்டுக்காகப் போகவில்லை. ஊருக்குத் தார் ரோடும் ஆஸ்பத்திரியும் கொண்டுவந்தவர் சிலெஷே. ஜெரேயின் மகள் பிழைத்தது அந்த ஆஸ்பத்திரியில்தான். ஒற்றைக் கட்சி ஆட்சிக் காலத்தில் ஜெரேயின் தம்பி லெவிசனைச் சிறைக்கு அனுப்பியதும் அதே சிலெஷேதான். சிறையில் செத்தவனின் பிணம்கூட வீடு வரவில்லை.

மந்திரிகள் புகழ்ந்து ஓய்ந்ததும் ஜெரே சவப்பெட்டியை மறித்து நின்றார்.

"ஏ மச்சான், ரோடு போட்டே, ஆஸ்பத்திரி கட்டினே, சரி. என் தம்பியை எங்கேய்யா புதைச்சே? சொல்லாம உன்னைக் குழியில இறங்க விடமாட்டேன்!"

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. சிலெஷேயின் மனைவியே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்து, இங்கோனிக்காரர்களுக்குப் பெம்பாக்கள் வைத்த கேலிப்பெயரால் பதிலுக்குத் திட்டினாள். "இந்த எலிதின்னிக்கு வாயைப் பாரு!"

"தாயி, நிஜமாத்தான் கேக்குறேன்."

"நிஜமாத்தான் கேக்குறாராம்!" என்று ஒரு மந்திரி கைதட்டினார்.

ஜெரே அழுதார். நடிப்பு பிரமாதம் என்றார்கள். இரண்டு பேர் அவரை மரியாதையாகக் கைத்தாங்கலாக நகர்த்தினார்கள். லெவிசன் கிடக்கும் இடம் தெரிந்த கடைசி ஆள் குழிக்குள் இறங்கினார்.

பிறகு கேலிமுறைக்காரருக்கென்று எடுத்துவைத்த கோழித்தொடை சோளக்களியோடு வந்தது. ஜெரே உட்கார்ந்து சாப்பிட்டார். திட்டியதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து போயிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பார்கள்.