வாசல் அக்கா விழுங்கிய சலாம்

போதை மறுவாழ்வு மையத்தின் வாசல் மேசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் வாசல் அக்கா. வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுப்பது, உட்கார வைப்பது, டாக்டர் கூப்பிடும்வரை சண்டை வராமல் பார்த்துக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. சண்டை எப்படியும் வரும். இந்த டோக்கன் முந்தியா அந்த டோக்கன் முந்தியா என்று இரண்டு மாமியார்கள் முட்டிக்கொள்ளாத நாள் கிடையாது.

முஸ்லிம் குடும்பங்கள் வந்தால் மட்டும் கதை வேறு. உள்ளே கவுன்சலரிடம் வாயைத் திறக்க மாட்டார்கள். வெளியே வந்து, இவள் தலை முக்காட்டைப் பார்த்ததும், மேசை ஓரத்திலேயே கொட்டித் தீர்ப்பார்கள்.

"அந்தம்மா நல்லவங்கதான். ஆனா நம்ம வீட்டு விஷயம் அவங்களுக்கு எங்க புரியப்போகுது?"

வேறு சிலர் அதே முக்காட்டைப் பார்த்து, செய்தி பள்ளிவாசல்வரை போய்விடும் என்று வந்த வழியே திரும்புவார்கள். வெளியாளிடம் சொன்னால் புரியாது, நம்மாளிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தால் மனுஷன் எங்கேதான் போவான்? ஒருநாள் ஒரு தாய் மேசையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதபோது, "தண்ணி குடிங்கம்மா" என்பதற்கு மேல் வாசல் அக்காவுக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. படிக்க வேண்டும், அந்த உள்ளறை நாற்காலியில் தானே உட்கார வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தாள்.

கவுன்சலிங் படிப்பில் இடமும் கிடைத்தது. கட்டணம்தான், அவள் தலைகீழாக நின்றாலும் முடியாத காரியம். நல்லவேளையாக, மனநலம், போதை சிகிச்சை படிக்கும் முஸ்லிம்களுக்கென்று ஒரு அறக்கட்டளை புதிதாக உதவித்தொகை அறிவித்திருந்தது. அது கிடைத்தால் படிப்பு. இல்லாவிட்டால் டோக்கன்தான் கதி.

அவள் உம்மாவுக்கு இதில் அரை மனசு. "டாக்டருக்குப் படிக்குதுன்னா நாலு பேர்கிட்ட சொல்லலாம். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?" என்று முணுமுணுத்துக்கொண்டே, நேர்காணலுக்குப் போட வேண்டிய உடுப்பை இரண்டு தடவை இஸ்திரி போட்டு வைத்தாள்.

மையத்தில் ஒரு சட்டம் உண்டு. இங்கே வருகிறவர்களை வெளியில் எங்கே பார்த்தாலும் நாமாகப் போய்ப் பேசக் கூடாது. அவர்கள் முதலில் பேசினால் பேசலாம். இல்லாவிட்டால் யாரோ எவரோ. இதில் வாசல் அக்கா கெட்டி. கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டவரைக்கூட முன்பின் பார்க்காதவள்போல எழுந்து வந்தவள்.

அறக்கட்டளையின் நேர்காணல் அறைக் கதவைத் திறந்தாள். மூன்று பேர் இருந்தார்கள். சலாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நடு நாற்காலியைப் பார்த்தாள். மரக்கடைக்காரர்!

பள்ளிவாசல் தலைவர், ஊரறிந்த மனிதர். அவருடைய மகன் மையத்தில் சேர்ந்திருப்பது ஊருக்குத் தெரியாது. வாராவாரம், மழை பெய்தாலும் கறுப்புக் கண்ணாடியோடு, பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து பார்த்துவிட்டுப் போவார். இப்போது இவளைக் கண்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

பழகிய சட்டம் முந்திக்கொண்டது. சபைக்குச் சொல்லும் சலாம் யாரையும் காட்டிக்கொடுக்காது என்று யோசிக்க நேரமேது? சலாமை விழுங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஓரத்தில் இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சலாம் சொல்ற பழக்கம் இல்லையாம்மா?"

"மன்னிச்சுக்குங்க டீச்சர்." மேசையைப் பார்த்துக்கொண்டே சலாமையும் முனகினாள். அபராதம் கட்டுவதுபோல இருந்தது அந்தச் சலாம்.

"தலைவரைத் தெரியும்ல?"

"தெரியாதுங்க."

"நம்ம ஜனங்களுக்கு வேலை செய்யப்போறேன்னு எழுதியிருக்கீங்க. ஊருக்கே தெரிஞ்சவரைத் தெரியலைங்கறீங்க!"

அதற்குப் பிறகு கேட்ட கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே நினைவில்லை.

வீட்டில் உம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "பேச ஆரம்பிச்சதுலருந்து சொல்ற சலாமை அங்க போயா மறப்ப? கோட்டை விட்டுட்டு வந்திருக்கியே!"

காரணத்தைச் சொன்னால் சட்டம் உடைந்துவிடும். பெற்றவளாகவே இருந்தாலும். "ஆமாம்மா, மறந்துட்டேன்" என்றாள். உதவித்தொகை போனதைவிட அந்தப் பொய்தான் அவளை அதிகம் வதைத்தது.

அடுத்த வாரம், பார்வையாளர் வரும் நாள். கூடம் நிரம்பியிருந்தது. வாசல் அக்கா பக்கவாட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வரவில்லை.

"அஸ்ஸலாமு அலைக்கும்!"

முன்வாசலில், கறுப்புக் கண்ணாடி இல்லாமல், மரக்கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். வேறு யாருக்கோ சொல்கிறார் என்று அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது.

"உங்களுக்குத்தாம்மா." மேசைக்குக் கிட்டே வந்து குரலைத் தணித்தார். "அன்னிக்கு நீங்க போனதும் அவங்க ரெண்டு பேரும் வேணாம்னுட்டாங்க. தெரிஞ்சவங்களுக்கு மார்க் போடக் கூடாதுன்னு எங்களுக்கு விதி. அதனால நான் போட மாட்டேன்னு சொன்னேன். அந்தப் பொண்ணே தெரியாதுன்னுச்சே, உங்களுக்கு எப்படித் தெரியும்னு டீச்சர் பிடிச்சுக்கிட்டாங்க."

"அய்யோ. என்ன சொன்னீங்க?"

"என் மகன் இங்க இருக்கான்னு சொன்னேன். என் மானத்தைக் காப்பாத்தத்தான் இந்தப் பொண்ணு சலாமையே விழுங்கிச்சுன்னும் சொன்னேன்." அவர் கண் கலங்கியது. "வாயை விட்டுச் சொன்னதும்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. மறுபடி உங்க பேரை எடுத்தாங்க. ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. படிப்பு முடியறவரைக்கும் உங்களுக்கு உதவித்தொகை உண்டு. அப்புறம் டீச்சர் என்னைத் தனியாக் கூப்பிட்டு இந்த மையத்தைப் பத்தி ஒண்ணு கேட்டாங்க..." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "வேணாம். அது அவங்க விஷயம்."

வாசல் அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணீரும் கூடவே வந்தது.

"வீட்ல என்னம்மா சொன்னீங்க?"

"மறந்துட்டேன்னு."

"உள்ளதைச் சொல்லிடுங்க. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லுங்க." பிறகு லேசாகச் சிரித்தார். "நான் சொன்ன சலாமுக்கு இன்னும் பதில் வரலையே?"

"வ அலைக்குமுஸ்ஸலாம்!"

டோக்கனுக்கு முட்டிக்கொண்டிருந்த இரண்டு மாமியார்களும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு, பழக்கதோஷத்தில், ஒரு டோக்கனையும் எடுத்து அவரிடம் நீட்டினாள். மரக்கடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு, எல்லோரோடும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.