வார்னிஷ் அடித்த துவக்கு

காலை ஒன்பது மணி, ரூஜில் எங்கள் வீடு. வாசல் கதவின் உட்பக்கம் பெயின்ற் உரிந்து நிற்கிறது. நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முந்தி அடிக்கவேண்டும் என்று மகள் வாளி வாங்கி வைத்திருக்கிறாள். கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன். பையில் ரோர்ச், பூதக்கண்ணாடி, பருத்தித் துணி.

வேலை ஸ்ரௌவ்வில்லில். அன்ரன் என்பவர் பழைய பட்டாளத் துப்பாக்கி, எங்கள் பேச்சில் துவக்கு, ஒன்றை விற்கிறார். வாங்கப்போகிறவர் தமிழ்நாட்டுப் பொடியன். பிக்கரிங்கில் வீடு, கொம்பியூட்டர் வேலை. துவக்கு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல என்னை அனுப்பினார். துவக்குக் கடையில் துடைக்கிற வேலை செய்து பழகிய கண் எனது.

டாக்சி. முப்பது கிலோமீட்டருக்குக் கிட்ட, எழுபத்தைந்து டொலர். ஓட்டியவர் எங்கள் நாட்டு ஆள்.

"அக்கா, என்ன அலுவலாப் போறியள்?"

"துவக்குப் பாக்க."

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்!"

"நானும்தான். இப்ப அது என்னைப் பாத்துப் பயப்படட்டும்."

சிரித்தார். மார்க்கம் கழியப் பனி மூடிய வயல். பிறகு ஒரே அச்சில் புதுவீடுகள்.

பத்து மணி. அன்ரனின் மனைவி றீற்றா கதவைத் திறந்தார். உள்ளே கேக் வாசம். அதற்கு மேலால் வார்னிஷ் வாசம். அறைக் கதவுகள் எல்லாம் பளபளத்தன. அப்போதே எனக்கு மனம் சரியில்லை.

துவக்கு சாப்பாட்டு மேசையில், வெள்ளைத் துணியில் கிடந்தது. கதவு மாதிரியே மின்னியது. அன்ரன் பக்கத்தில் நின்றார். குழலைப் பார்த்தேன், பழைய நிறம் அப்படியே இருந்தது. பிடிக்கிற மரக் கட்டையைத் திருப்பினேன். பட்டாளம் மரத்தில் குத்தும் முத்திரை இருக்கவேண்டிய இடம் வழுவழுவென்றிருந்தது.

"அண்ணை, கட்டைக்கு என்ன செய்தனீங்கள்?"

"நத்தாருக்குக் கதவெல்லாம் அடிச்சனான். வார்னிஷ் மிஞ்சிப்போச்சு. பாக்க ஆள் வரேக்க ஊத்தையாக் கிடக்கலாமோ? நல்லா உரஞ்சிப்போட்டு அடிச்சனான்."

பழைய துவக்கு சேர்க்கிறவர்கள் தேடுவது அந்த ஊத்தை அழுக்கைத்தான். சிப்பாயின் கை பட்ட கறுப்பு, கீறல், முத்திரை. தேய்த்து உரஞ்சினால் போனது திரும்பி வராது.

சொன்னேன். அன்ரன் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, பொடியனிட்ட உதைச் சொல்லாதேங்கோ. பழைய மரம் அப்பிடியே கிடக்கு எண்டு சொல்லிவிடுங்கோ. உவன் பொடியன் என்னத்தைக் கண்டான்?"

"சொல்லமாட்டன்."

"ஒரே சனம், ஒரே கோயில். இனி ஒரு தமிழனும் உங்களைக் கூப்பிடமாட்டான்."

"கூப்பிடாட்டி விடட்டும்."

அவர் முன்னாலேயே போன் எடுத்தேன்.

"அக்கா, எப்படி இருக்கு? எடுத்துக்கலாமா?" என்றார் பொடியன்.

"இரும்பு நல்லம். கட்டையை உரஞ்சி வார்னிஷ் அடிச்சிருக்கு. முத்திரை இல்லை."

"ஐயோ. அப்ப வேணாங்க."

குசினியிலிருந்து றீற்றா கத்தினார். "மேசைக்கு அடியுங்கோ எண்டனான். இந்தாள் துவக்குக்கு அடிச்சிருக்கு!"

அன்ரன் துவக்கைத் தூக்கினார். "ஒருத்தனுக்கும் விக்கமாட்டன். இது இஞ்சதான் நிக்கும்!" நத்தார் மரத்துக்குப் பக்கத்தில் சாத்திவைத்தார். நான் றீற்றா தந்திருந்த கேக்கைத் தின்று முடித்துத்தான் எழும்பினேன்.

திரும்பவும் அதே டாக்சியைக் கூப்பிட்டேன்.

"என்னக்கா, பயந்ததோ?"

"துவக்கு பயப்பிடேல்லை. நானும் பயப்பிடேல்லை."

வீட்டில் பெயின்ற் வாளி கதவடியில் இருந்தது. கதவில் பிள்ளைகள் சைக்கிளால் இடித்த பள்ளம், பழைய நாய் விறாண்டிய கோடு. அன்ரன் வீட்டுக் கதவுகளில் இப்படி ஒன்றும் இல்லை.

வாளியைக் கொண்டுபோய்க் கராஜில் வைத்தேன். ஏன் அடிக்கவில்லை என்று மகள் கேட்கட்டும்.