ஆறாம் மாடியில் ஒரு பதிப்பகம்

போன கிழமை மகள் புரோசார்டில் ஒரு பழைய சாமான் கடையில் டைப்ரைட்டர் ஒன்று வாங்கி வந்து கூடத்தில் வைத்தாள். "எழுதப் போறியோ பிள்ளை?" என்று கேட்டேன். "இல்லையப்பா, வடிவுக்கு" என்றாள். எழுதுகிற சாமானை அழகுக்கு வைக்கிற காலமும் வந்துவிட்டது, போகட்டும். மூடியைத் திறந்ததும் எண்ணெயும் மையும் கலந்த அந்த வாசம் வந்தது. நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். "என்னப்பா, பிரஷரோ?" என்றாள் மனைவி. பிரஷர் இல்லை, முசியேயின் நினைவு.

அகதி வழக்கு முடியாத காலம் அது. மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றைக் கூட்டித் துடைக்கிற வேலை எனக்கு. நான் படித்த படிப்புக்கு வெள்ளைக்காரன் வாசலில் நின்று வரவேற்பான் என்று நினைத்து வந்தவன். வாசலைத் துடைக்கத்தான் விட்டான். ஆறாம் மாடியில் தனியாக இருந்த ஐரோப்பிய எழுத்தாளரை நான் 'முசியே' என்றுதான் கூப்பிடுவேன், பிரெஞ்சில் 'ஐயா' என்கிற மாதிரி. எந்த நாடு என்று கேட்காதீர்கள், அந்தப் பெயரில் இப்போது நாடே இல்லை. பயத்தில் தபால் பெட்டியிலும் பெயர் போடமாட்டார், வீட்டு இலக்கம் மட்டும்தான். இருவரும் அரைகுறைப் பிரெஞ்சில் கதைப்போம். அதை எங்கடை தமிழிலேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய நாட்டில் அரசாங்கம் விரும்பாத எழுத்து அச்சேறாது. அதனால் டைப்ரைட்டரில் நாலு கார்பன் தாள் வைத்து ஓங்கி அடிப்பார்களாம். ஐந்து பிரதி வரும். வாங்குகிறவர் வாசித்து முடித்து, தானும் குந்தியிருந்து ஐந்து அடித்து அடுத்தவர்களுக்குக் கொடுக்கவேண்டும். "அதுதான் எங்கடை பதிப்பகம்" என்பார். தெளிவான பிரதிகள் வாசகருக்கு, ஆக மங்கலானது எழுதினவருக்கு. மொன்றியலில் அவருக்கு ஒரு வாசகரும் இல்லை. ஆனாலும் தன் நாவலை ஐந்தாகத்தான் அடித்தார். ஐந்தும் குசினி அலுமாரியில் கிடந்தன, அரிசியும் சீனியும் வைக்க இடமில்லாமல். "என்ர ஊரில, என்ர பாஷையில, ஒருக்கா அச்சில பாக்கவேணும். பேந்து செத்தாலும் பரவாயில்லை" என்பார்.

அந்த அரசாங்கமும் ஒருநாள் விழுந்தது. முசியேயின் பயம் மட்டும் விழவில்லை. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் நீளக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். நான் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய முழுப் பெயரையும் சொல்லி, இங்கே இருக்கிறாரா என்று கேட்டார்கள்.

ஊரில் அண்ணையைத் தேடி ஜீப்பில் வந்த ஆமிக்காரரிடம், "அப்பிடி ஆரும் இங்க இல்லை" என்று அம்மா சொன்னது எனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லில்தான் அண்ணை தப்பினார். அதற்குப்பிறகு ஆரும் வந்து ஆளைக் கேட்டால் வேறு பதில் எனக்கு வாயில் வராது.

"அப்பிடி ஆரும் இங்க இல்லை" என்றேன்.

"செத்துப்போனாரோ?"

ஆட்கள் போய்த் தொலையட்டும் என்று, "இருக்கலாம்" என்றேன். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். நல்லாய் நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே ஓடிப்போய் முசியேயிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்ல வேலை செய்தாய்" என்றார். இரண்டு மூடர்களும் சேர்ந்து தேத்தண்ணீர் குடித்தோம்.

ஆறு மாதம் கழித்துப் பாரிஸிலிருந்த அவருடைய சினேகிதர் கடிதம் போட்டார். வந்தவர்கள் அவருடைய ஊரில் புதிதாகத் தொடங்கிய பதிப்பகத்துக்காரர்கள். நாவலைக் கேட்டு வாங்கத்தான் வந்திருக்கிறார்கள். திரும்பிப்போய், ஆள் இறந்துவிட்டார் என்று பத்திரிகையில் அஞ்சலியும் எழுதிவிட்டார்கள். முசியே உடனே அவர்களுக்கு எழுதினார். பதில் வர இன்னும் மூன்று மாதம். பதிப்பகத்தை மூடிவிட்டோம், இப்போது சனம் சமையல் புத்தகமும் துப்பறியும் கதையும்தான் வாங்குகிறது, மன்னிக்கவும் என்று இருந்தது.

அதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

"உன்ர இடத்தில நிண்டா நானும் அதைத்தான் சொல்லியிருப்பன்" என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த கிழமை ஐந்து பிரதிகளையும், கீழே தொட்டியில் போய் விழுகிற குப்பைக் குழாயில் போட்டுவிட்டார். நான் வழமைபோலத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துவிட்டேன். லொறி போனபிறகுதான் சொன்னார். பனி கரைய முன்னம் அவரும் போய்விட்டார். சவ அடக்கத்துக்கு நானும் கட்டட மனேச்சரும்தான்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். அந்தப் பதில் வந்த பின்னேரம் அவர் என்னைக் கதிரையில் இருத்தி, முழு நாவலையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தன் உடைந்த பிரெஞ்சில் சொன்னார். மூன்று மணித்தியாலம். பாதி விளங்கவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது. "ஓம், ஓம்" என்று தலையாட்டினேன். அதைக் கேட்ட ஒரே ஆள் இந்த உலகத்தில் நான்தான். தொடக்கத்தில், ஆற்றைக் கடக்க வள்ளத்துக்காக ஒரு பெண் காத்து நிற்கிறாள். அதற்குமேல் எனக்கு ஒன்றுமே ஞாபகம் இல்லை.