ஆஸ்பத்திரி வரை ஓர் ஒத்திகை

என் மகளின் இரண்டாம் பிரசவத்துக்கு முதலில் வந்து இறங்கியது ஒரு தொட்டி. ரப்பர் மாதிரி ஒரு சாமான், நீல நிறம். காற்றடித்தால் ஹாலையே அடைத்துக்கொண்டது. அயனம்பாக்கத்தில் ஆறாவது மாடி வீட்டில் நின்றுகொண்டு என் மருமகன் அதைக் கால் பம்பால் மிதித்து மிதித்து ஊதிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை, ஞாயிறு பூசை தவறாதவர். ஆண்டவர் அவருக்கு எல்லாம் கொடுத்திருந்தார். அந்த ஒரு மாதம் மட்டும் புத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது.

"இன்னா மாப்ளே, எருமை வாங்கப் போறீங்களா?" என்றேன்.

"இல்லீங்க அத்தை. இதுல வெந்நீர் ஊத்தி உக்காந்தா வலி தெரியாதுங்க. வீட்லயே டெலிவரி. மிட்வைஃப் ஒருத்தர் வந்து பாத்துக்குவாங்க."

அந்தக் குடியிருப்புக்குத் தண்ணீரே லாரியில்தான் வருகிறது. காலை ஒன்பதுக்கு மேல் குழாயைத் திறந்தால் காற்று வரும். ஒரு குடம் மிச்சம் பிடிக்கச் சொல்லி வாரம் ஒரு தடவை செல்போனில் அறிவிப்பு வரும். இந்த லட்சணத்தில் தொட்டி நிறைய வெந்நீர். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். அதனால்தானோ என்னவோ, இது ஆகாத காரியம் என்று எனக்கு முதலிலேயே விளங்கிவிட்டது.

மகள் ஒரு ஃபைல் வைத்திருந்தாள். எந்தப் பாட்டு ஓட வேண்டும், எந்த விளக்கு எரிய வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது. கல்யாணப் பத்திரிகைக்குக்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். பேசாமல் இருக்க வேண்டியவர்கள் என்று ஒரு தலைப்பு. அதன் கீழே ஒரே ஒரு ஆள்: அம்மா.

"இன்னாடி இது?"

"எழுதனது எழுதனதுதான்மா" என்று ஃபைலை மூடிவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தையெல்லாம் அந்த மிட்வைஃப் மேல் இறக்கலாம் என்று காத்திருந்தேன். சாமியார் மாதிரி யாராவது மூலிகையும் கையுமாக வருவார் என்று நினைத்தேன். வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "லிஃப்ட் எப்பவும் இப்டித்தான் நிக்குமா?" என்று கேட்டார். நாற்பது வயது இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் வருஷக்கணக்காக நின்றவர், இதற்கென்று தனியாகவும் படித்தவர். ரத்த அழுத்தம் பார்த்தார், ரிப்போர்ட் எல்லாம் படித்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்துக் குழந்தையின் தலை எங்கே என்று சொன்னார். தொட்டியை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அங்கேதான் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

"எல்லாம் சரியா இருக்கு. வீட்ல பாக்கலாம். ஆனா ஏதாவது ஒண்ணுன்னா அரை மணிக்குள்ள ஆபரேஷன் டேபிள்ல இருக்கணும். ஆஸ்பத்திரிக்கு நீங்களே ஓட்டிப் பாத்து எனக்குச் சொல்லுங்க சார்" என்றார் மருமகனிடம்.

அவர்கள் பார்த்து வைத்திருந்த ஆஸ்பத்திரி பூந்தமல்லிப் பக்கம். நாங்கள் பூசைக்குப் போகும் மாதா கோயிலும் அதே ரோட்டில். மருமகன் என்ன செய்தார்? ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு என்னை ஏற்றிக்கொண்டு போகும்போதே நேரம் பார்த்துவிட்டார். ஊரே தூங்குகிறது. நான் பின்சீட்டில் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு சுற்றுக்கு ஐந்து பத்து மணி; மூன்றாம் பத்து முடிவதற்குள் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிட்டது.

"பதினாலு நிமிஷம் அத்தை" என்று போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பரீட்சையில் பாஸான முகம்.

இதை மிட்வைஃபிடம் சொன்னபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: "என்னைக்கு? எத்தனை மணிக்கு?"

மருமகன் சொன்னார்.

"குழந்தை பூசை பாத்துட்டுத்தான் வரும்னு சொல்லியிருக்கா சார்? திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு ஓட்டிப் பாருங்க. பின்னாடி ஒரு பொம்பள உக்காரணும்."

அந்தப் பொம்பளை நான்தான். திங்கட்கிழமை என்னைப் பின்சீட்டில் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி சாய்ந்து படுக்கச் சொன்னார் மருமகன். வாசலைத் தாண்டும்போதே செபமாலையை ஆரம்பித்தேன். முதல் திருப்பத்தில் ஸ்கூல் வேன்கள். அடுத்து தண்ணீர் லாரி, அதற்கு முன்னால் இன்னொரு தண்ணீர் லாரி. ஐந்து பத்தும் முடிந்தது, நாங்கள் பாதி வழிகூடப் போகவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

"ஆம்புலன்ஸா இருந்தா வழி விட்ருவாங்க அத்தை" என்றார் கண்ணாடியில் என்னைப் பார்த்து.

"பின்னாடி பாருங்க மாப்ளே."

எங்களுக்குப் பின்னாலேயே ஒரு ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டு நின்றது. வழி விட யாருக்கும் மனசில்லாமல் இல்லை, இடம் இல்லை. உள்ளே யார் பெற்ற பிள்ளையோ. ஒரு பத்தை அந்த ஆளுக்கென்று சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் மூன்றாம் சுற்றில் இருந்தேன். ஐம்பது நிமிஷம் என்றார் மருமகன். போனை என் பக்கம் திருப்பவில்லை.

அன்று சாயங்காலமே மிட்வைஃப் நேரில் வந்து சொல்லிவிட்டார். "வீட்ல வேணாம். நான் பாக்க மாட்டேன்."

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். தொட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். மகள் அதன் விளிம்பில் உட்கார்ந்து அழுதாள்.

"மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனா கத்துவாங்க, தொடைல அடிப்பாங்க. நீயும் அவங்ககூட சேந்துக்குவ."

"நான் இன்னாடி பண்ணேன்?"

"கதவுக்கு வெளிய நின்னுகினு நீ இன்னா சொன்ன? கத்தாதடி, மானம் போவுதுன்னு. எனக்குக் கேட்டுச்சு."

சொன்னேன். மூன்று வருஷத்துக்கு முன், முதல் பிரசவத்தில், வேறொரு ஆஸ்பத்திரி. உள்ளே அவளை அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதும் கையில் இதே செபமாலைதான். கேட்டுக்கொண்டே மகளை அடக்கினேன். ஊர்ப் புத்தியையெல்லாம் எடைபோட்டவள் நான்; என்னை எடைபோட ஒரு பிள்ளைத்தாய்ச்சி வேண்டியிருந்தது.

மிட்வைஃப்தான் வழி சொன்னார். கூட ஒரு பெண்ணை நிற்க விடும் ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் பதிவு செய்யச் சொன்னார். வலி எடுத்தால் முதலில் தானே வீட்டுக்கு வந்து பார்ப்பதாகவும், கிளம்பும் நேரத்தைச் சொல்வதாகவும் ஒத்துக்கொண்டார். "கூட யார் நிக்கறது?" என்று கேட்டார். மகள் என்னைக் கைகாட்டி, "அம்மா" என்றாள். ஃபைலில் எதையும் அடிக்கவில்லை.

வலி ஒரு மத்தியானம் வந்தது. ரோடு காலியாக இருக்கும்போதே மிட்வைஃப் கிளப்பிவிட்டார். பிரசவ அறையில் அவள் போட்ட சத்தத்துக்கு ஆயா எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா இப்டிக் கத்துற? பக்கத்துல ஆளுங்க இல்ல?"

மகள் ஆயாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"கத்தட்டும்மா. வலி அவளுக்குத்தான" என்றேன். பட்டியல்படி நான் வாயைத் திறந்திருக்கவே கூடாது.

ஆயா முணுமுணுத்துக்கொண்டே போனார். பேரன் பிறக்கும்வரை நான் ஒரு பத்துகூடச் சொல்லவில்லை. செபமாலை இடுப்பில்தான் இருந்தது. என் இரண்டு கையையும் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள்.