பச்சைச் சேலை மடி

போட்டோ புத்தகத்தைப் பெங்களூரில் அச்சடிக்கக் கொடுத்ததற்கு நான் வீட்டில் சொன்ன காரணம், தாள். "அவங்க தாளு நல்ல கெட்டிக்கா. விரிச்சா நடுவுல மடிப்பே தெரியாது. நம்ம காலத்துக்கு அப்புறமும் நிறம் மங்காதாம்" என்று அக்காவிடம் அளந்துவிட்டேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "உனக்குத் தெரியாததா, நல்லதாப் பாத்துக் குடு" என்றாள். தாளைப் பற்றி நான் சொன்னதெல்லாம் உண்மை. காரணம் மட்டும்தான் பொய்.

மகளுக்கு வீரகேரளம்புதூரில் சம்பந்தம் பேசி முடித்திருந்த சமயம் அது. அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா ஒருநாள் போனில், "பிள்ளையோட சின்ன வயசுப் படம் ஒண்ணுகூட நாங்க பாக்கலையே மதினி" என்றார்கள். சும்மா நாலு படத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தால் முடிந்துபோயிருக்கும். எனக்குத்தான் எதையும் அளவாகச் செய்து பழக்கமில்லையே. பிறந்ததிலிருந்து வேலைக்குப் போனது வரை ஒரே புத்தகமாக, கெட்டி அட்டை போட்டு, அவர்கள் மடியில் வைத்து அசந்துபோகிற மாதிரி கொடுக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

முதலில் போனது தென்காசியில் தேரடிப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சியிடம்தான். எங்கள் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் படம் எடுத்தவர் அவர். மாதிரிப் புத்தகங்களை எடுத்துப்போட்டார். பளபளப்பு வேண்டாம், விரல் ரேகை பதியும், மங்கல் தாள்தான் நல்லது என்றார். "இன்னொண்ணு கேட்டுக்கோங்க எம்மா. பக்கத்தோட ஓரத்துல முகத்த வைக்கப்படாது. பைண்டிங் முடிஞ்சு மெஷின்ல ஓரம் வெட்டுவான். அதுல போயிரும்." நெகட்டிவ் காலத்துப் படங்களைக்கூட ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்து காதுகுத்துப் படத்தில் நிறுத்தினார்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, ஒரே ஒரு அக்காதான். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் வரவில்லை. சாஸ்தா கோயில் வாசலில் ஊசியோடு உட்கார்ந்திருந்த ஆசாரி, "மாமன் யாரு, வாங்க, நேரமாவுது" என்று கேட்க, எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்காதான் பச்சைச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இங்கன கொண்டாட்டி பிள்ளைய. மாமன் இல்லேன்னா காது மூடியா கெடக்கும்?" என்றாள். ஆசாரி உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சி அந்த நேரத்தில்தான் படத்தை எடுத்திருந்தார்.

"இந்தப் பிள்ளைய வளத்தது உங்க அக்காதாம்லா" என்றார் அண்ணாச்சி. "நீங்க ஆபீஸ் போயிருவிய. பள்ளிக்கூடத்துல விட, கூப்பிட, டவுன் பஸ்ஸுல குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போக, எல்லாம் அவங்கதான். இந்தப் படத்த மொதப் பக்கத்துல ரெண்டு பக்கத்துக்கும் விரிச்சுப் போட்டிருவோமா?"

"வீட்டுல கேட்டுட்டு வாரேன் அண்ணாச்சி" என்று எழுந்துவிட்டேன். கடையில் வாங்கப் போவதில்லை என்றால் சொல்கிற பேச்சுத்தானே அது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

அப்படி எழுந்து வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் கல்யாணமான மூன்றாம் வருஷம் செங்கோட்டைப் பக்கம் வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அக்கா ஒரு பெட்டியோடு மேலகரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாழாவெட்டி என்று தெருவில் சொன்னவர்களோடு நான் சண்டைக்குப் போயிருக்கிறேன், ஒருத்தியின் தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கித் தெருவில் வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான், பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா, "மூத்தவங்க வீட்டுக்காரர் எங்கன இருக்காக?" என்று கேட்டதும், "வெளியூர்ல வேலையா இருக்காக" என்று சொன்னேன். கூசாமல் சொன்னேன். அக்கா பக்கத்தில் நின்று எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதனால் புத்தகத்தில் அக்கா பக்கத்துக்குப் பக்கம் நின்றால் அவர்கள் பக்கத்துக்குப் பக்கம் கேட்பார்கள். இவங்க எப்பவும் இங்கேதானா, அவங்க வீட்டுக்காரர் ஒரு படத்திலேயும் இல்லையே என்று கேட்பார்கள். அக்காவை எடுத்துவிட்டுப் புத்தகம் போடு என்று அண்ணாச்சியிடம் சொல்ல எனக்கு முகம் இல்லை. அவருக்கு எங்கள் வீட்டு ஒவ்வொரு முகமும் தெரியும். ஆகவே யாரையும் தெரியாத ஒரு இடம் எனக்கு வேண்டியிருந்தது. நாலு கம்பெனியின் மாதிரித் தாள்களைத் தபாலில் வரவழைத்துத் தடவித் தடவிப் பார்த்ததெல்லாம் நாடகம். கேள்வி கேட்காத ஒருவனைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். பெங்களூர்க்காரன் கேட்கவில்லை. அவன் இணையதளத்தில் படத்தை ஏற்று, இழுத்து வை, ஓரத்தை வெட்டு, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டு ஆல்பத்துப் படங்களைப் போனில் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்தருவியில் ஈரத்தலையோடு மகளை இடுப்பில் வைத்திருந்த அக்காவை வெட்டினேன். மகளுடைய இடது கை யார் கழுத்தையோ பிடித்தபடி பாதியில் நின்றது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வெட்டினேன். சைக்கிள் பழகிய படத்தில், பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவளை வெட்டினேன். வெட்ட முடியாதபடி அவள் நடுவில் நின்ற படங்களைப் புத்தகத்தில் சேர்க்காமலே விட்டுவிட்டேன். காதுகுத்துப் படத்தை மட்டும் விட முடியவில்லை. காதுகுத்துப் படம் இல்லாமல் ஒரு பெண் பிள்ளையின் புத்தகமா? கழுத்துக்கு மேலே எதுவும் தெரியாதபடி இழுத்து வைத்தேன். பிள்ளையின் அழுத முகம், ஆசாரியின் கை, பச்சைச் சேலை மடி. அவ்வளவு பெரிதாக இழுத்ததில் படத்தின் தரம் போதாது என்று திரையில் ஒரு மஞ்சள் முக்கோணம் வந்து மின்னியது. நீங்கள் உறுதியாக இருக்கிறீர்களா என்று கேட்டது. சவத்தத் தள்ளு என்று ஆமாம் போட்டேன்.

புத்தகம் வந்தது. அச்சு என்னவோ பிரமாதம், குறை சொல்ல முடியாது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முதலிலிருந்து கடைசி வரை ஒரு பக்கம் விடாமல் பார்த்தாள். நான் அடுப்படியில் இல்லாத வேலையைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு நானாகவே போய், "ஓரத்துல நின்னவங்க எல்லாம் மெஷின் வெட்டுல போயிட்டாங்கக்கா. அவன் சொல்லவே இல்ல" என்றேன். அண்ணாச்சி சொல்லிக்கொடுத்த பாடத்தை அதற்குத்தான் பயன்படுத்தினேன்.

"மெஷினுக்கு ஆள் தெரியுமா, என்ன செய்ய" என்றாள் அக்கா. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து, கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைப் பார்க்க மாப்பிள்ளையின் அம்மா வந்தார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். நான் ஆசைப்பட்டபடியே மடியில் வைத்துத் தடவிப் பார்த்து, "ஆத்தாடி, என்ன பளிச்சுன்னு இருக்கு" என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காதுகுத்துப் பக்கம் வந்ததும் நிறுத்தினார்கள். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார்கள்.

"யாரு மடியில வச்சுக் குத்துனிய? மாமன் மடி இல்லையா? சேலையில்லா தெரியுது!"

ஊரில் யாராக இருந்தாலும் இதைத்தான் கேட்பார்கள். காதுகுத்துப் படத்தைப் பார்த்தால் பிள்ளைக்கு அடுத்தபடி மடியைத்தான் பார்ப்பார்கள். முகத்தை வெட்டத் தெரிந்த எனக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்று இன்றுவரை தெரியவில்லை. என் அக்கா மடி என்று சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது வேறு.

"என் மடிதான் மதினி. எனக்குக் கூடப் பெறந்த ஆம்பளை இல்லைல்லா."

சொல்லிவிட்டு நிமிர்ந்தால், அக்கா காப்பித் தட்டோடு அடுப்படி நிலையில் நிற்கிறாள். கேட்டுவிட்டாள். கேட்காமல் என்ன, நாலு எட்டுத் தூரம்.

அந்த அம்மாள் விடவில்லை. "அப்படியா? தாய் மடியில வச்சுக் குத்துறத நான் கேட்டதில்லையே. நீங்க அன்னைக்கு இருந்தியளா மதினி?" என்று அக்காவையே கேட்டார்கள்.

அக்கா தட்டை வைத்தாள். டம்ளரை எடுத்து அவர்கள் கையில் கொடுத்தாள். "இருந்தேனே. பிள்ள யாருட்டயும் போகாம ஒரே அழுகை. அவ அம்மா மடியில வச்ச பெறவுதான் அடங்குச்சு" என்றாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த அம்மாளும் சிரித்து, பக்கத்தைப் புரட்டினார்கள். போகும்போது புத்தகத்தை, "எங்க வீட்டுல எல்லாருக்கும் காட்டணும்" என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். இட்லிக்கு அரைக்க உளுந்து போட்டியா என்று மட்டும் கேட்டாள். வளர்த்த பிள்ளையின் புத்தகத்திலிருந்து அவளைப் பிடுங்கிப் போட்டேன், அது போதாதென்று அவள் மடியையும் எடுத்துக்கொண்டேன். நானெல்லாம் ஒரு தங்கச்சியா?

மறுநாள் ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டு ஆல்பங்களையும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் ஓடினேன். "வீட்டுல கேட்டாச்சா எம்மா?" என்றார். குத்தலாகக் கேட்டாரா, சும்மா கேட்டாரா தெரியவில்லை. கேட்டாச்சு என்றேன். "நீங்க சொன்ன மாதிரியே போடுங்க அண்ணாச்சி. ஒரு படத்தையும் வெட்டாதீங்க. ஓரத்துல இடம் விட்டுப் போடுங்க." இரண்டு வாரத்தில் புத்தகம் கைக்கு வந்தது. பெங்களூர் அச்சுக்கு ஒரு மாற்றுக்கூடக் குறைவில்லை. முதல் பக்கத்தில், இரண்டு பக்கத்துக்கும் விரிந்து, பச்சைச் சேலையில் அக்கா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். "யக்கா, இதைத்தான் கொடுத்திருக்கணும். நாளைக்கே வீரகேரளம்புதூருக்குப் போயி அதை வாங்கிட்டு இதைக் குடுத்துட்டு வந்திருதேன்" என்றேன்.

அக்கா அந்த முதல் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். ஐந்தருவிப் பக்கத்தில் விரலை வைத்துச் சிரித்தாள். சைக்கிள் படத்தில், "மூதி, அன்னைக்கு என் கால் மேல ஏத்திட்டா" என்றாள். கடைசிப் பக்கம் வந்ததும் மூடி, முந்தானையால் அட்டையைத் துடைத்து, எழுந்துபோய் பீரோவில் தன் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினாள்.

"இது இங்கனயே இருக்கட்டும். அங்க கொண்டு போவாதட்டி."

"ஏன்க்கா?"

"அவங்க மூஞ்சிக்கு நேரா நானே சொல்லியிருக்கேன்லா, அது உன் மடின்னு. இதப் பாத்தா என்னைய என்ன நெனைப்பாவ? பொய் சொல்லுதவன்னு ஆயிரும்லா."