நாலு மூலையும் உடைந்த கோட்டை

எமிலியானுஸ் அண்ணைக்கு ஒரு வியாதி இருக்கிறது. சரிந்து கிடக்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். இத்தாலியில், அல்பெர்கேரியாப் பகுதியில் அவர் குடியிருக்கும் கட்டடத்தின் படியில் ஒரு கல் ஆடினால், வீட்டுச் சொந்தக்காரன் எட்டிப் பார்ப்பதற்குள் இவர் சீமெந்து குழைத்துவிடுவார்.

பங்குக் கோயிலில் பத்தொன்பது வருடமாக, மார்கழியில் பாலன் பிறப்புக்கு வைக்கும் நத்தார்க் குடில் அவர் பொறுப்பு. தக்கைப் பட்டையில் மலை, கூழாங்கல்லில் மதில், தொழுவத்துக்குப் பக்கத்தில் அவர் ஊர் மன்னாரில் நிற்கிற பருத்த பெருக்கமரம் ஒன்று. பெத்லகேமில் இந்த மரம் ஏது என்று இத்தாலியப் பாதர் வருடா வருடம் கேட்பார். "இருந்திருக்கும் பாதர்" என்று சொல்லிவிட்டு அண்ணை அடுத்த கல்லை எடுப்பார். பாலன் பிறக்கிற இடத்தில் உடைசல் கிடக்கக் கூடாது. அதில் அவரை அசைக்க முடியாது, எங்கள் பங்கில் யாரும் அசைக்க நினைத்ததும் இல்லை.

நான் ஸ்ரெல்லா. அவர் ஒன்பது வருடம் வேலை பார்த்த வீட்டில் கிழமைக்கு இரண்டு நாள் இஸ்திரிப் பெட்டியால் துணி மினுக்கப் போகிறவள். வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி. அங்கே எண்பத்தொரு வயதுப் பேராசிரியர் ஒருவர், தனி ஆள். எங்கள் இருவருக்கும் வேலை ஒப்பந்தம் அவர் பெயரில்தான். அண்ணையின் பெர்மெஸ்ஸோ, இங்கே இருப்பதற்கான அனுமதி, மார்ச்சில் முடிகிறது, என்னுடையது மே மாதம். கிழவர் கையெழுத்து வைத்தால் இந்த நாட்டில் இருப்போம்.

அந்த வீட்டின் பெரிய அறையை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. அறை நிறைய ஒரு மலை. பலகை, சாந்து, அதற்கு மேல் உண்மையான பாசி. பாசி காயாமல் இருக்கத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்து, ஈரச் சாக்கு நாற்றம் நாறும். பூனை ஒன்று அதன் பள்ளத்தாக்கில்தான் மூத்திரம் பெய்யும். பேராசிரியர் அதற்குப் பக்கத்திலிருந்தே சாப்பிடுவார்.

அது ஜப்பானில் உள்ள ஒரு மலையுச்சிக் கோட்டையின் மாதிரி. யாரோ ஒரு பிரபு உச்சியைச் சீவித் தட்டுத் தட்டாகச் சமன்படுத்தி, தண்ணீரில்லாத அகழி வெட்டி, கல்மதில் எழுப்பினானாம். நானூறு வருடத்துக்கு முன் அது அழிந்தது. இவர் பதினொரு கோடைகாலம் அங்கே போய் அளந்திருக்கிறார். கோட்டையைச் செய்து வைத்தாலாவது ஒரு வடிவு இருக்கும். இந்த மனுசன் செய்து வைத்திருந்தது அதன் மிச்சத்தை. உச்சி மதிலின் நாலு மூலையும் இடிந்து, விரல்நகம் அளவுக் கற்கள் சரிவெங்கும் சிதறிக் கிடந்தன.

ஒக்டோபரில் கிழவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் திரும்பி வரும் கிழமையின் சனிக்கிழமை அருங்காட்சியகத்திலிருந்து ஆட்கள் வந்து மலையைப் பார்ப்பதாக இருந்தது. பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள். கிழவர் இல்லாத அந்த மூன்று கிழமை அண்ணைக்குப் போதுமாக இருந்தது. பூஞ்சணத்தைத் துடைத்தார். பூனையை வெளியே விட்டார். பிறகு குறடும் பசையும் எடுத்து, சிதறிய கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நாலு மூலையையும் கட்டி எழுப்பிவிட்டார்.

"ஸ்ரெல்லா, ஒருக்கா வந்து பார் தங்கச்சி. ஆக்கள் வந்து பாக்கேக்கை மனுசன் வெக்கப்படக் கூடாதெல்லே."

"நல்ல வடிவாக் கிடக்கு அண்ணை" என்றேன். மழையிலோ நிலநடுக்கத்திலோ விழுந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

வியாழக்கிழமை சக்கர நாற்காலியில் வந்த கிழவர் மலையைப் பார்த்ததும் கத்திய கத்தலில் கீழே மீன் விற்றவர்கள் மேலே பார்த்தார்கள். கத்தி ஓய்ந்த பிறகு விளக்கினார். மூலைகள் தானாக விழவில்லையாம். வென்றவர்கள் தோற்றவர்களைக் கொண்டே உடைப்பித்தார்களாம். மதில் முழுவதையும் இடிக்கத் தேவையில்லை, மூலையை உடைத்தால் போதும், தூரத்தில் போகிறவனுக்கும் தோல்வி தெரியும். வென்றவன் தன் கையை அழுக்காக்க மாட்டான். "எவ்வளவு அழகு, எமிலியோ!" என்றார் அண்ணையைப் பார்த்து. கண் மினுங்கியது.

மலையை முன்பு எடுத்த படங்களை மேசையில் போட்டார். சனிக்கிழமைக்குள் ஒவ்வொரு கல்லும் பழைய இடத்தில் கிடக்க வேண்டும். இல்லையென்றால் மார்ச்சில் கையெழுத்து இல்லை.

அண்ணை குறடைக் கையில் எடுத்தார். பிறகு, எனக்கு ஒரேயொரு முறை சொல்லியிருந்த கதையைத் தன் இத்தாலிய மொழியில் அவருக்குச் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு, சண்டை நேரம், மன்னாரில், கலியாணத்துக்கென்று கட்டிய வீடு. காவலரணுக்குக் கல் வேண்டும் என்று துவக்கு வைத்திருந்தவர்கள் வந்தார்கள். அலவாங்கை அவர் கையிலேயே கொடுத்து வீட்டை இடிக்கச் சொன்னார்கள். அயலட்டைச் சனத்தைக் கூப்பிட்டு நிறுத்திப் பார்க்க வைத்தார்கள்.

கிழவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பையில் பேனையைத் தேடினார்.

"எங்கேயிருந்து தொடங்கச் சொன்னார்கள்? மூலையிலிருந்தா?"

மினுக்கிக்கொண்டிருந்த அவர் சட்டையைக் கீழே போட்டேன்.

"மூலையிலிருந்துதான், புரொபெசோரே" என்றார் அண்ணை.

கிழவர் கொப்பியில் எழுதினார். "நானூறு வருடம் கழித்தும் அதே முறை!" என்று நன்றி வேறு சொன்னார். அண்ணை குறடை அந்தக் கொப்பியின் மேல் வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைக் கழற்றி ஓரம் பிசகாமல் மடித்தார்.

"ஒருக்கா உடைச்சிட்டன் தங்கச்சி. இனி ஏலாது. நான் போறன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். கிழவர் தன் நடுங்கும் விரல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "ஸ்ரெல்லா, உன் கை நடுங்காது அல்லவா?"

மே மாதம் என்று நினைத்தேன். வேறொன்றையும் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொடங்கி நாலு மூலையையும் உடைத்தேன். படத்தைப் பார்த்துப் பார்த்து, எந்தக் கல் எந்தச் சரிவில் என்று ஒன்றும் பிசகாமல் போட்டேன். நாற்காலியில் இருந்தபடி கிழவர் "பிராவிஸ்ஸிமா" என்று மெச்சினார். எனக்கு ஒரு கணம் பெருமையாகக் கூட இருந்தது. அதை நினைத்தால்தான் என் முகத்திலேயே காறித் துப்பலாம் போல் இருக்கிறது.

அருங்காட்சியகம் மலையை எடுத்துக்கொண்டது. எனக்கு மே மாதத்துக்கான கையெழுத்து அன்றே கிடைத்தது. அண்ணை பிரான்காச்சோப் பக்கத்துக் கட்டடங்களில் படி கழுவப் போகிறார். ஒப்பந்தம் தர இன்னும் ஒருவரும் இல்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் கூப்பிட்டார். "குடிலுக்குக் கல்லடுக்க ஆள் காணாது. உனக்கு நிதானமான கை. வாறியோ?"

மூலைகளை உடைத்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை. அந்த வீட்டில் அன்றைக்கு வேறு யார் இருந்தது?

"வாறன் அண்ணை" என்றேன். இன்னும் போகவில்லை.