மேசையில் வைத்த மாத்திரை

பலகையில் ஐந்தாம் வாய்ப்பாட்டைப் பாதிதான் எழுதியிருந்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. யாரோ நெஞ்சை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்துவது போலிருந்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. எனக்குப் பின்னால் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. செத்துவிடப் போகிறேன் என்றே நினைத்தேன். எழுதுகோலைப் போட்டுவிட்டு வகுப்பை விட்டு வெளியே ஓடினேன்.

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, இது நடந்தது போன வருடம் ஏப்ரல் மாதத்தில், சிலிம் ரிவரில். என் பெயர் சாமுவேல். வயது இருபத்தாறு. தஞ்சோங் மாலிமில் படித்துவிட்டு, சிலிம் ரிவர் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். வார நாள்களில் அங்கே வாடகை அறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறினால் ஈப்போ, அம்மா, சபை. ஞாயிறு ஆராதனையில் கித்தார் வாசித்துப் பாடல் நடத்துவது நான்தான். எனக்கு எதிலும் வேகம் வேண்டும். நடக்கச் சொன்னால் ஓடுவேன். ஆனால் அன்றைக்கு ஓடியது வேறு ஓட்டம்.

மருத்துவமனையில் இருதயத்தைச் சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. "வாயு" என்றார் ஒருவர். "கண்திருஷ்டி" என்றார் இன்னொருவர். அடுத்த வாரம் மறுபடியும் வந்தது. அதற்கடுத்த வாரம் ரயிலிலேயே வந்தது. பிறகு, அது எப்போது வரும் என்று காத்திருப்பதே என் வேலையாகிவிட்டது. வகுப்பில் எப்போதும் கதவுக்குப் பக்கத்திலேயே நின்று பாடம் நடத்தினேன், வந்தால் ஓடிவிடலாம் என்று.

பிள்ளைகளுக்கா தெரியாது? ஒரு நாள் முன் வரிசையில் இருக்கும் தர்ஷினி கேட்டாள்: "சார், நீங்க ஏன் எப்பவும் கதவுகிட்டயே நிக்கிறீங்க? ரெஹாட் டைம் பெல் அடிச்சா கேண்டீனுக்கு நீங்கதான் மொதல்ல ஓடப் போறீங்களா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அறைக்குப் போய் அழுதேன்.

தலைமையாசிரியை நல்லவர். கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். "சாமுவேல், ஒங்கள எனக்குப் புடிக்கும். ஆனா பாடத்துக்கு நடுவுல நீங்க வெளிய போயிட்டா, பிள்ளைங்கள யாரு பார்க்குறது? பள்ளி விடுமுறைக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா இந்த வகுப்ப வேற ஒருத்தருக்குத்தான் குடுக்கணும்."

அந்த வகுப்பு என் உயிர். எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த பிள்ளைகள் அப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களை விட்டுவிட எனக்கு மனமில்லை.

அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். ஒரு மலாய்க்கார டாக்டர். அவசரப்படாமல் கேட்டார். "சிக்கு, உங்களுக்கு வந்திருப்பது பதற்ற நோய். இது உங்கள் பலவீனமல்ல," என்றார். "சிக்கு" என்றால் வாத்தியார். யோசனை சொல்ல ஆலோசகரிடம் அனுப்பினார். மாத்திரையும் எழுதினார். முதலில் கொஞ்சம் வயிற்றைப் புரட்டும், குணம் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும், உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்திவிடக் கூடாது என்று விளக்கினார். "யோசித்து முடிவெடுங்கள். ஆனால் யோசித்துக்கொண்டே இருக்காதீர்கள்," என்றார்.

நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். மாத்திரைப் பொட்டலத்தைக் கித்தார் பையில் போட்டேன். அது அங்கேயே கிடந்தது.

படித்தவன் அல்லவா! கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். போடு என்று நூறு பேர், போடாதே என்று நூறு பேர். ஒரு பிரசங்கியார் விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்றார். இன்னொருவர் மருந்தும் ஆண்டவர் கொடுத்ததுதானே என்றார். இருவரும் ஒரே வேதத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

எங்கள் சபையில் டிரம்ஸ் வாசிக்கும் பிரவீன் என் சின்ன வயதுத் தோழன். பாட்டுப் பயிற்சி முடிந்ததும் அவனிடம் மட்டும் சொன்னேன்.

"மாத்திரையா? நீயா?" என்றான். "டேய் மச்சான், போன மாசம்தான் எல்லாரையும் கையத் தூக்கச் சொல்லி, பயமே ஓடுன்னு கத்துன. இப்ப நீ போயி பயத்துக்கு மாத்திரை போட்டா சனங்க என்னா நெனைப்பாங்க லா?" என் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. "சும்மா சொன்னேன்டா. கோவிச்சுக்காத."

கோபம் இல்லை. ஆனால் அந்த வார்த்தை முள்ளாகத் தைத்துவிட்டது. ஏனென்றால் அவன் சொன்னதைத்தான் நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் ஆலோசனை சுருக்கமானது. "போட்டாலும் சாப்பிட்டுட்டுப் போடு. போடலன்னாலும் சாப்பிடு. எலும்பும் தோலுமா நிக்கிற."

விடுமுறை தொடங்கியது. முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, இந்த மாத்திரை எனக்கு வேண்டாம் என்று ஆக்கிவிடும். வேண்டும் என்றால் அதையாவது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லும். எனக்குத் தெரியவில்லை." எத்தனையோ பாட்டு பாடியிருக்கிறேன். இவ்வளவு உண்மையாக அதற்கு முன் ஜெபித்ததில்லை.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் சனிக்கிழமை உபவாச ஜெபத்தில், முன்னால் ஒரு மேசை போட்டு வெள்ளைத் துணி விரிப்பார்கள். புதிதாக எதைத் தொடங்கினாலும் அதை அங்கே கொண்டுவந்து வைக்கலாம். கார் சாவி, பரீட்சைப் பேனா, பாஸ்போர்ட், பிள்ளையின் முதல் பள்ளிக் காலணி. பாஸ்டர் அவற்றின் மேல் கை நீட்டி ஜெபிப்பார். ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் கொண்டுவந்த வழக்கம் இது. அங்கே ரப்பர் மரம் இருந்த காலத்தில், புத்தாண்டு ஆராதனையில் பால் வெட்டும் கத்திகளை ஆலயத்தில் வைப்பார்களாம். எங்கள் தாத்தாவும் வைத்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமை நானும் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் என் திட்டம் வேறு. எல்லாரும் ஜெபத்துக்காக அங்கே வைப்பார்கள். நான் விட்டுவிட்டு வருவதற்காக வைப்பேன். மாத்திரையைக் கர்த்தருடைய பாதத்தில் போட்டுவிட்டு, கை வீசிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அதுதான் விசுவாசம் என்று முடிவு கட்டியிருந்தேன்.

வரிசையில் எனக்கு முன்னால் சேவியர் அண்ணன், புதுக் கார் சாவியோடு. எங்கள் சபை ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மேசைப் பக்கம் நின்ற ரூத் அக்கா அவரைச் சீண்டினார்: "அண்ணே, சாவி மட்டும்தானா? காரயே மேல கொண்டாந்திருக்கலாம்லா!"

"லிஃப்ட் இல்லயேம்மா. இருந்தா ஏத்தியிருப்பேன்."

சிரிப்புக்கு நடுவே என் பொட்டலத்தைப் பாஸ்போர்ட் ஒன்றின் அடியில் செருகினேன். யாரும் பார்க்கவில்லை.

பாஸ்டர் கை நீட்டினார். "அப்பா, ஒம்ம பிள்ளைங்க இதையெல்லாம் ஒம்ம கையில வெச்சிருக்காங்க. நீர் தொட்டுக் குடும். நாளைக்கி இத எடுத்துப் பொழங்கும்போது நீர் கூடவே இரும்."

ஆமென் சொன்னோம். அவரவர் பொருளை அவரவர் எடுத்துக்கொண்டார்கள். நான் கடைசி வரிசைக்குப் பின்னால் மெதுவாகப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தேன்.

"சாமு! இது ஒன்னோடதுலா?"

ரூத் அக்கா பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்திருந்தார். கிளினிக்கில் அதன்மேல் என் பெயரை ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். அது எனக்கு நினைவே இல்லை. ஓடிப்போய் அவர் கையைக் கீழே இறக்கினேன்.

"மறந்துட்டியா?"

"மறக்கலக்கா. வேணும்னுதான் விட்டுட்டுப் போறேன்." குரலைத் தாழ்த்தினேன். "கர்த்தருக்கு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கர்த்தருக்கா? அவருக்கு என்னா நோவு?"

பொட்டலத்தை என் கையில் திணித்தார்.

"சேவியர் அண்ணன் சாவிய விட்டுட்டு நடந்தா போனாரு? ஜெபம் பண்ணியாச்சுலா, எடுத்துக்க. நான் துணி மடிக்கணும்."

அவ்வளவுதான். அவர் துணியை மடிக்கப் போய்விட்டார். எனக்குப் பெரிய விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சொன்னது தனக்கே நினைவில்லை என்று இப்போது சொல்கிறார்.

நான் பொட்டலத்தோடு அங்கேயே நின்றேன். "தொட்டுக் குடும்" என்று பாஸ்டர் ஜெபித்தது திரும்பக் காதில் கேட்டது. கொடும் என்றுதானே கேட்டார்! இத்தனை வருடம் அந்த மேசைக்கு முன்னால் கித்தார் வாசித்திருக்கிறேன். அதில் வைத்ததை யாரும் விட்டுவிட்டுப் போய் நான் பார்த்ததே இல்லை. தாத்தா கத்தியை வைத்தார். மறுநாள் விடியுமுன் அதே கத்தியை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனார். கத்தி இல்லாமலே பால் வடியும் என்று அவர் காத்திருக்கவில்லை. அதனால் அவருக்கு விசுவாசம் இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

எனக்குப் புரிகிற மாதிரி சொல்லும் என்று ஆண்டவரிடம் கேட்டேன். என் பெயரை ஒட்டி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். இதைவிடப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து உபவாசம் முடித்தோம். அம்மா கஞ்சி ஊற்றினார். வழக்கம்போல் ஸ்தோத்திரம் சொல்லக் கண்ணை மூடினார். "இருங்கம்மா," என்று சொல்லி, கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மாத்திரையையும் வைத்தேன். அம்மா மறுபடியும் கண்ணை மூடினார். "ஆண்டவரே, கஞ்சிக்கும் இதுக்கும் ஸ்தோத்திரம்," என்றார். இருவரும் ஆமென் சொன்னோம்.

உடனே அற்புதம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். டாக்டர் சொன்னபடியே வயிற்றைப் புரட்டியது. தூக்கம் தாறுமாறானது. நிறுத்திவிடலாமா என்று தோன்றியபோதெல்லாம் கிளினிக்குக்குப் போய்க் கேட்டேன், பொறுங்கள் என்றார்கள். ஆலோசகர் மூச்சை எப்படிக் கவனிப்பது, பயத்தை எப்படிப் பெயர் சொல்லி அழைப்பது என்று பழக்கினார். வேகக்காரனுக்குப் பொறுமையைப் போல் கசப்பான மருந்து வேறில்லை. அதையும் விழுங்கினேன்.

பள்ளி திறந்தது. ஜூலை மாதத்தில் ஒரு புதன்கிழமை, தர்ஷினி கை தூக்கினாள்.

"சார், இன்னிக்கி என்னா அங்க நிக்கிறீங்க?"

சுற்றிப் பார்த்தேன். வகுப்பின் கடைசியில், சன்னல் ஓரம் நின்றுகொண்டிருந்தேன். கதவு எதிர்மூலையில் இருந்தது. எப்போது அங்கே நடந்து போனேன் என்று எனக்கே தெரியாது. பலகையில் வாய்ப்பாட்டை முழுவதும் எழுதி முடித்திருந்தேன்.

ஸ்தோத்திரம்! அந்த வகுப்பு இன்றைக்கும் என்னிடம்தான் இருக்கிறது. பதற்றம் இப்போதும் எப்போதாவது எட்டிப் பார்க்கும். வந்தால் வரட்டும் என்று நின்ற இடத்திலேயே நிற்கிறேன். மாத்திரையை டாக்டர் சொல்லும் காலம் வரை போடுவேன். ஞாயிற்றுக்கிழமை முன்னைவிடச் சத்தமாகப் பாடுகிறேன். பாடுவது யாருக்குத் தெரியுமா? பயம் வந்தவனை விரட்டாதவருக்கு.

இதையெல்லாம் சபையில் எழுந்து நின்று சொன்னேன். அடுத்த மாத உபவாச ஜெபத்தில் மேசையைப் பார்த்த ரூத் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "என்னா இது? கிளினிக் ஆயிருச்சு!" சாவிகளுக்கும் பேனாக்களுக்கும் நடுவே சர்க்கரை மாத்திரை, ஆஸ்துமா மருந்து, பெயர் தெரியாத பொட்டலங்கள். ஓரத்தில் பிரவீன், ஒரு சின்ன வெள்ளைப் பையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றான்.

"சிரிக்காத மச்சான்," என்றான்.

நான் சிரிக்கவில்லை. அது என்ன மாத்திரை என்றும் கேட்கவில்லை. அவன் தோளில் கை போட்டுக்கொண்டேன். ஜெபம் முடிந்ததும் அவன்தான் முதலில் போய் எடுத்தான்.

இதை வாசிக்கிற தம்பி, தங்கச்சி, உங்கள் பையிலும் அப்படி ஒன்று பிரிக்காமலே கிடக்கலாம். அதை ஒளிக்க வேண்டாம். டாக்டரிடம் கேளுங்கள், ஆண்டவரிடமும் கேளுங்கள். இருவரிடமும் கேட்பது குற்றமில்லை. கொண்டுவந்து அவர் கையில் வையுங்கள். அவர் தொட்டுத் தருவார். தந்ததை எடுத்துக்கொண்டு போக மறந்துவிடாதீர்கள்.